கரை வைத்த கப்பல் பாய்

திருச்சிராப்பள்ளிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் ஊரில் எல்லோரும் ஸ்ரீரங்கத்துக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற மனிதன் கடல் கடந்தால் ஒன்று கோயில், இல்லாவிட்டால் வைத்தியம். நான் போனது ஒரு கப்பலுக்குப் பாய் வாங்க. அதைச் சொன்ன பிறகு சிலர் வைத்தியம்தான் என்று உறுதியாக நம்பினார்கள்.

கப்பலின் பெயர் வேதநாயகி. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறையில் வேம்பிலும் இலுப்பையிலும் கட்டிய, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். என் தகப்பனார் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடலில் இறக்கினார்கள். ரங்கூனிலிருந்து அரிசியும் தேக்கும், நாகப்பட்டினத்திலிருந்து நெல்லும் ஏற்றி வந்தது. திரும்பிப் போகும்போது புகையிலை. இயந்திரப் படகுகள் வந்த பிறகு உப்பு ஏற்றியது, பிறகு விறகு ஏற்றியது, பிறகு ஒன்றும் ஏற்றாமல் சேற்றில் சாய்ந்து நின்றது.

அதை நிமிர்த்தியவர் தண்டையல் சின்னத்துரை. தண்டையல் என்றால் எங்கள் பக்கத்தில் கப்பலை நடத்துகிறவர். பன்னிரண்டு வயதில் அந்தக் கப்பலில் ஏறியவர், அறுபதைத் தாண்டியும் இறங்க மனமில்லாதவர். இரண்டு வருஷமாகப் பழுதான பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுப் பலகை வைத்தார். இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். உடம்பு தயாராகிவிட்டது. பாய் இல்லை. கொழும்பில் ஆலையில் நெய்த கித்தான் துணி கேட்டுப் பார்த்தார், படிவம்தான் கிடைத்தது.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குமுன் துறைமுகப் பரிசோதகர் வருவார். கப்பல் பாயோடு நின்றால் கடலோடச் சான்றிதழ். பாயில்லாமல் நின்றால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். பெயர் நீங்கிய கப்பலுக்காக ஒரு சுண்ணாம்புச் சூளைக்காரர் காத்திருந்தார். வாரம் ஒரு முறை வந்து பலகைகளைத் தட்டிப் பார்ப்பார், சின்னத்துரையின் சுகத்தை விசாரிப்பார், போய்விடுவார். நல்ல காய்ந்த வேம்பு சூளைக்கு மிகவும் ஏற்றது.

இந்த வேலைக்கு என்னைக் கேட்டதில் நியாயம் உண்டு. நான் முப்பது வருஷம் சுங்கத்தில் இருந்தவன். எந்த மனுவுக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. ஒரு மார்கழி மழையில், வேதநாயகியின் பாய்ச் சுருளுக்குள் இந்தியச் சேலைகள் வருகின்றன என்று தகவல் கிடைத்து, பெரிய பாயை முழுவதும் அவிழ்த்து விரிக்கச் சொன்னேன். சேலை இல்லை. மழை மட்டும் இருந்தது. நனைந்த பாய் பூசணம் பிடித்து, இரண்டு வருஷத்தில் கிழிந்துபோனது. சின்னத்துரை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. உறையூரில் கெட்டித் துணி நெய்வார்களாம், போய் வாங்கிவர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

ஆக, ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், கையில் அனுமதிப் பத்திரங்களின் நான்கு பிரதிகளோடு திருச்சியில் இறங்கினேன்.

குதிரைவண்டியில் ஏறினேன். ஏறியதும் வண்டிக்காரர், "கொஞ்சம் முன்னாடி வாங்க சார்" என்றார். வந்தேன். பாலக்கரை ஏற்றத்தில் "இன்னும் முன்னாடி" என்றார். இறக்கத்தில் பின்னால் போகச் சொன்னார். வாழ்நாள் முழுவதும் கப்பல்களில் சரக்கு சரியாக ஏற்றியிருக்கிறதா என்று பார்த்தவனை அந்த மனிதர் சரக்காக்கிவிட்டார். மூன்றாவது முறை நகர்ந்தபோது சக்கரத்து ஆணி கழன்று விழுந்தது. என் பருமன்தான் காரணம் என்று குதிரையைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். மிச்ச வழியை நடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். சாப்பாடு சுத்தம், சுவை, ஒழுங்கு. வெங்காயம் மட்டும் கிடையாது. மூன்றாம் நாள் பரிமாறுகிறவரிடம் வெங்காயத்தைப் பற்றி மெதுவாக விசாரித்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, சாற்றமுது என்று அவர்கள் சொல்லும் ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார். காப்பியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் தேநீரை ஆறவிட்டுக் குடிப்போம். இங்கே காப்பியை டபராவில் ஆற்றி, ஆறுவதற்குள் குடித்துவிடுகிறார்கள்.

என்னை உறுத்தியது வேறு. நான் வாயைத் திறந்தால் உடனே, "சாருக்கு மலையாளமா?" என்று கேட்டார்கள். தேவாரம் படித்து வளர்ந்தவனை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் விளக்கினேன். இரண்டாம் நாள் தலையசைத்தேன். மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் எர்ணாகுளத்தில் மழை எப்படி என்று கேட்டபோது, பரவாயில்லை என்று சொன்னேன்.

பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது காதர் மீரான் ராவுத்தரின் ஜவுளிக் கடை. யாழ்ப்பாண வியாபாரிகளுக்கு லுங்கி அனுப்புகிறவர். பாய்த்துணிக்கான என் கடிதத்தை நெசவாளியிடம் சேர்த்தவரும் அவர்தான். தொட்டியத்திலிருந்து வந்த பூவன் பழச் சீப்பு ஒன்றை என் முன்னால் வைத்து, துணி முடிந்துவிட்டது என்று நல்ல சேதி சொன்னார். உடனே பார்க்க வேண்டும் என்றேன்.

"இன்னைக்கு அமாவாசைங்க. தறிக்காரங்க யாரும் துணியில கை வைக்க மாட்டாங்க. பழத்தைச் சாப்பிடுங்க."

எந்த நாட்காட்டியிலும் சிவப்பு மையில் அச்சிடாத விடுமுறை. எல்லா அரசாங்க விடுமுறையும் எனக்கு மனப்பாடம். இது என் பட்டியலில் இல்லை. பழத்தைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை உறையூர் போனோம். நெசவாளி நடேசன் மெலிந்த, வாய் அதிகம் திறக்காத மனிதர். அவருடைய மனைவி காமாட்சி அந்தக் குறையை வைக்கவில்லை. கூடத்தில் துணி மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தது. விரலால் சுண்டினேன், பலகையைத் தட்டியது போல் சத்தம் வந்தது. இரட்டை நூல், நெருக்கமான அடி. இவ்வளவு நல்ல பாய்த்துணியை என் முப்பது வருஷத்தில் நான் தொட்டதில்லை.

ஆனால் ஒவ்வொரு மடிப்பின் இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குச் சிவப்பில் கரை ஓடியது.

"கரை வேண்டாமெண்டு எழுதினனே" என்றேன்.

நடேசன் மனைவியைப் பார்த்தார். காமாட்சி நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. "எழுதியிருந்தீங்க. ராவுத்தரும் படிச்சுக் காட்டினாரு. கரையில்லாத வெள்ளத்துணி உங்க ஊர்ல எதுக்கு நெய்வாங்களோ தெரியாது. இங்க பொணத்து மேல போத்தத்தாங்க."

"இது கப்பலுக்கு, அம்மா."

"கப்பல்ல ஆளுங்க ஏறிப் போறாங்கல்ல? அவங்க தலைக்கு மேல கோடித்துணியைக் கட்டிவிடச் சொல்றீங்களா? எங்க தறியில அது நடக்காதுங்க."

நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

என்ன தவறு நடந்தது என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் அதன் முழு ஆழமும் அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்தது. என் பத்திரங்களில் எழுதியிருந்தது, கப்பல் பாய்க்கான வெள்ளைத் துணி. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுங்கத்தில் ஒரே வழக்கம்: கரை ஓடினால் அது உடுதுணி. ஐந்தரைக் கஜ மடிப்பில் இரண்டு பக்கமும் சிவப்புக் கரையோடு இருந்தால் அது சேலை. பாய்த்துணி அனுமதியில் சேலை கொண்டுபோனால் அதற்குப் பெயர் கடத்தல். துணியைப் பறிமுதல் செய்வார்கள், ஆளை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதுவார்கள். நான் எத்தனை பேரிடம் எழுதியிருக்கிறேன்! பாய்க்குள் சேலை சுருட்டி வந்தவர்களைப் பிடித்தவன், சேலையையே பாய் என்று சொல்லிப் பிடிபட்டால், ஊர்காவற்றுறை அடுத்த மூன்று தலைமுறைக்கு வேறு கதை பேசாது. என் மானம் கிடக்கட்டும். துணி போனால் கப்பல் சூளைக்குப் போகும்.

இதைச் சொன்னதும் காமாட்சி எழுந்து வந்து ஒரு மடிப்பைப் பிரித்து என் தோளில் போட்டார். கனத்தில் தோள் இறங்கியது. "இதைக் கட்டிக்கிட்டு எவளாச்சும் ரெண்டடி நடப்பாளாங்க? நீங்க கட்டி நடந்து காட்டுங்க, நான் சேலைன்னு ஒத்துக்கிறேன்."

வாதம் சரி. ஆனால் சட்டத்தில் நடந்து காட்டுவதற்கு இடமில்லை.

புதிதாக நெய்ய எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் என்றார் நடேசன். அவர் பேசிய முதல் வார்த்தை அது. கரையை வெட்டிவிடலாமா என்றேன். ஓரம் பிரிந்து நூல் நூலாகப் போய்விடும் என்பது இரண்டாவது. பத்திரத்தைச் சேலைக்கு மாற்றி எழுதலாமே என்றார் ராவுத்தர். அதற்கு நாற்பது நாள் ஆகும், பெருமாளே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் முப்பத்தெட்டு என்று சொன்னேன். சோளகத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

விடுதிக்குத் திரும்பி, வெங்காயமில்லாத சாப்பாட்டை முடித்து, பத்திரங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் விதிகளால் பிறரை மறித்தவனுக்கு, விதிகளில் எங்கே வாசல் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. கரை பற்றிய பேச்செல்லாம் தைக்காத துணிக்கு. தைத்து முடித்த பொருளை அது என்ன வேலைக்கு உதவுமோ அந்தப் பெயரில்தான் எழுத வேண்டும். தைத்த குடைக்குக் கரை இருந்தாலும் அது குடை. துணியாகக் கொண்டுபோனால் சேலை. பாயாகத் தைத்துக் கொண்டுபோனால் பாய்.

இதை ராவுத்தரிடம் சொன்னபோது, "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். தைப்பது யார் என்றேன். கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி, கப்பலைக் கண்ணால் பார்க்காத ஊரில், யானை உயரத்துக்கு இரண்டு மடங்கான பாயைத் தைக்க யார் இருக்கிறார்கள்?

"நீங்க தங்கியிருக்கிற ஊர்லயே இருக்காருங்க. தேர்ச்சீலை தைக்கிறவர்."

கோவிந்தனுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருந்தது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் முடிந்து, சீலைகளையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, கை சும்மா இருப்பதில் எரிச்சலோடு இருந்தார். நான் கொண்டுபோன வரைபடத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "காத்து எந்தப் பக்கத்துலேந்து அடிக்கும்?" என்று கேட்டார். எல்லாப் பக்கத்திலிருந்தும் என்றேன்.

"நம்பெருமாள் தேருக்கும் அதே கதிதான். வாங்க, கொள்ளிடத்துக்குப் போலாம்."

சித்திரையில் கொள்ளிடம் ஆறு அல்ல, மணல் மைதானம். நடுவே ஒரு சிறிய தண்ணீர்க் கோடு இதுவும் ஆறுதான் என்று சாட்சி சொல்லிக்கொண்டு ஓடியது. கோவிந்தன் ஒரு மூங்கில் கழியால் மணலில் பாயை முழு அளவில் வரையச் சொன்னார். வரைந்தேன். அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கீழ்ப்பக்கத்தில் நின்று, "தொங்கல் எத்தனை?" என்று கேட்டார். பாய்க்குத் தொங்கல் கிடையாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கப்பல்காரர்கள் ஏழைகள் போலிருக்கிறது என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

பெரியதும் சிறியதுமாக இரண்டு பாய்களை எட்டு நாள் தைத்தார்கள். விடிவதற்கு முன் மணலுக்கு வருவார்கள். வெயில் ஏறினால் கரையோர மரத்தடிக்கு இழுத்துவந்து தைப்பார்கள். தேருக்குத் தைக்கும் நீண்ட ஊசி, மெழுகு பூசிய நூல். நான் தினமும் போய் நின்று மேற்பார்வை செய்தேன். மேற்பார்வை என்றால் இரண்டாம் நாளுக்குப் பிறகு அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று பொருள். வெள்ளிக்கிழமை ராவுத்தர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு வெங்காயத்தைக் கண்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கட்டுரையின் மரியாதை கெடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு துணிகளை இணைக்கும் இடத்தில் கோவிந்தன் கரைமேல் கரையை வைத்து இரண்டு வரிசை தைத்தார். கரைக்கு நடேசன் நூலை இன்னும் நெருக்கி ஓட்டியிருந்ததால், துணியிலேயே பலமான இடம் அதுதான். "கரைமேல கரை வச்சுட்டா, எந்தக் காத்துக்கும் பிரியாது சார். வெறும் வெள்ளைன்னா நானே வேணாம்னிருப்பேன்" என்றார். நல்ல பாய்த்துணிக்கு ஓரத்தில் நெருக்கம் வேண்டும் என்று துறைமுக விதியே சொல்கிறது. அது சிவப்பாக இருக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. வேண்டாமென்று எழுதியவன் நான்தான்.

ஒன்பதாம் நாள் சுங்க அதிகாரி வந்தார். மூட்டை கட்டுமுன் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். முப்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையில் குறிப்பேடு, யாரையும் நம்பாத கண். நான் கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது. அதே நேரத்துக்குப் பஸ்ஸில் நடேசனும் காமாட்சியும் கட்டுச்சோறோடு வந்து சேர்ந்தார்கள், தங்கள் துணியைப் பார்க்க.

அதிகாரி குனிந்து கரையைத் தடவினார். "கரை இருக்கே சார். இது சேலையாச்சே."

நானும் இப்படித்தான் தொடங்கியிருப்பேன் என்பதால் கோபம் வரவில்லை. தைத்த பொருள் பற்றிய விதியைச் சொன்னேன். அவர் விதியைத் தெரிந்தவர். தைத்ததைப் பிரித்தால் திரும்பவும் சேலைதானே, இதில் எத்தனை சேலை வெட்டலாம் என்று கேட்டார். சரியான கேள்வி.

அதற்குப் பதில் காமாட்சியிடம் இருந்தது. "சேலைதாங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு வெட்டித் தரோம். கட்டிவிடுங்க. அவங்க அதுக்கப்புறம் உங்களை வீட்டுக்குள்ள விட்டாங்கன்னா, மிச்சத்தைப் பேசிக்கலாம்."

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பது பயிற்சியில் இருக்கிறது. பாய் என்றால் பாயாக நிறுத்திக் காட்டுங்கள் என்றார்.

கோவிந்தனின் ஆட்கள் பெரிய பாயின் மேல்விளிம்பை மூங்கிலில் கட்டி, இரண்டு கழிகளை மணலில் ஊன்றி, கழிக்கு இரண்டு பேராகப் பிடித்து உயர்த்தினார்கள். மணி நாலைத் தாண்டியிருந்தது. சிறிது நேரம் அது பந்தல் மறைப்பைப் போல் அசையாமல் தொங்கியது. அதிகாரி பேனாவைத் திறந்தார். கீழ்முனைக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் பிடித்தபடி எழுத ஆரம்பித்தார்.

மேல்காற்று வந்தது. சும்மா வரவில்லை, மணலை வாரிக்கொண்டு வந்தது. பாய் ஒரே அடியில் வயிறு புடைத்தது. கழி பிடித்த நாலு பேரும் உழுதுகொண்டே முன்னால் போனார்கள். அதிகாரி கயிற்றை விடவில்லை. அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் பொருளை விடக் கூடாது என்று நினைத்தாரோ, அல்லது விடுவதற்கு நேரம் கிடைக்கவில்லையோ தெரியாது. பத்துப் பன்னிரண்டு கஜம் இழுத்துப்போய், ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு, அவரை மணலில் உட்காரவைத்தது. ஒரு தையல் பிரியவில்லை. "விட்டுடுங்க சார், அது போகணும்னு நிக்குது" என்று நடேசன் சொன்னார். அவர் பேசியதிலேயே நீளமானது அதுதான்.

அதிகாரி எழுந்து, மணலைத் தட்டி, செருப்பைத் தேடி எடுத்து, குறிப்பேட்டைத் திறந்தார். "கரையைப் பத்தி என்ன எழுதட்டும்?" என்று என்னைக் கேட்டார். உள்ளதை எழுதுங்கள் என்றேன். எழுதினார்: கப்பல் பாய், தைத்தது, இரண்டு. சிவப்புக் கரையுடன். முத்திரையை அழுத்தி வைத்தார்.

ஊர் திரும்பிய ஆறாம் நாள் பரிசோதகர் வந்தார். சுண்ணாம்புச் சூளைக்காரரும் வந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். சின்னத்துரை கயிற்றை இழுக்க, வேதநாயகியின் பெரிய பாய் ஏறியது. மேலிருந்து கீழே சிவப்புக் கோடுகள் வரிசையாக விழுந்தன. துறைமேடையில் நின்ற பெண்கள் கல்யாண வீட்டைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். பரிசோதகர் தையலை நகத்தால் கீறினார், இழுத்தார், கயிற்றோரத்தை வளைத்தார். பிறகு படிவத்தில் பாயின் அடையாளக் குறி என்ற கட்டத்துக்கு வந்தார். முப்பது வருஷம் எல்லாக் கப்பலுக்கும் நாங்கள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதிவந்தோம். அவர் சிவப்புக் கரை என்று எழுதிக் கையெழுத்திட்டார். சூளைக்காரர் ஒரு பலகையைக் கடைசியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, சின்னத்துரையின் சுகத்தை விசாரிக்க மறந்து போய்விட்டார்.

முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். துறை தாண்டும்வரை சின்னத்துரை பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"முப்பது வருசமா என்ர பாய்க்குள்ள சீலை தேடினியள்," என்றார். "கடைசியில நீங்களே கொண்டுவந்து ஏத்திவிட்டிட்டியள்."

இருவரும் சிரித்தோம். எனக்கு அந்த மார்கழி மழை ஞாபகம் வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றாலும் கேள்வி ஓய்வதில்லை. அன்றைக்குக் கப்பலில் சேலை இருந்ததா என்று கேட்டேன்.

சின்னத்துரை சுக்கானைக் கொஞ்சம் திருப்பி, காற்று சரியாக விழுகிறதா என்று பார்த்தார்.

"பாய்க்குள்ள இருக்கேல்லை ஐயா," என்றார்.